வருசா வருசம் தடவும் மை

மொரப்பூரில் பஸ் ஏறியதிலிருந்தே என் முன்சீட்டுப் பெண் கொதித்துக்கொண்டிருந்தார். மடியில் துணி சுற்றிய ஓலைச்சுவடி.

"எங்கூட்டு ஓலை பைபிளு போலியாம். ஆராய்ச்சி பண்றவன் சொல்லிட்டான்."

"எதனாலயாம் அண்ணி?" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

"எழுத்துல மை புதுசா இருக்குதாம். இருக்காதா பின்ன? ஓலையில வெறுமனே கீறுனது கண்ணுக்குத் தெரியாது. வருசா வருசம் கிறிஸ்துமசுக்கு முன்னால வெளக்குக் கரிய எண்ணெயில கொழச்சுத் தடவுனாத்தான் படிக்க முடியும். எங்க மாமனாரு தடவுனாரு, இப்ப நான் தடவுறேன்."

"கொஞ்ச வருசம் தடவாம வுட்டுட்டுக் காட்டிப் பாருங்களேன்."

"அவங்கிட்ட நெசம்னு பேரு வாங்க நாங்க படிக்காம இருக்கணுமா? இந்த ஞாயித்துக்கிழமையே தடவுறேன். வந்து பாக்கச் சொல்லு."