கால் அளவுகளைக் காத்த சந்தேகம்

சலியாத சந்தேகச் சுடரே! பூட்டிய கதவையும் ஒருமுறை இழுத்துப் பார்த்த பின்னரே படியிறங்கும் பண்பே! எங்கள் செயற்கைக் கால் நிலையத்தின் மூத்த அலுவலக மேலாளரே! தலைவர் அனுப்பிய மின்னஞ்சலையும் தயவுதாட்சண்யமின்றித் தடுத்து நிறுத்திய தகைமையே! எங்கள் அனைவருக்கும் அன்பான 'செக்கிங் அக்கா'வே! பணி நிறைவு பெறும் உங்களைப் பணிந்து வணங்குகிறோம்.

வாய் நிறையப் புகழ்ந்தால், "இதுல என்ன உள்குத்து?" என்று கேட்பீர்கள். ஆகவே புகழைக் குறைத்து நடந்ததைச் சொல்கிறோம். உங்களை எங்களளவு அறியாத உறவினர் பலர் இந்த அவையில் அமர்ந்திருப்பதால், அவர்களுக்குச் சொல்வது போலவே சொல்கிறோம். பொறுத்தருள்க.

அவையீரே! எங்கள் நிலையம் சிறியது. முன்னறையில் அலுவலகம், பின்னறையில் மாவுக்கட்டு வார்ப்பும் சூடேறிய பிளாஸ்டிக் வாடையும், நடுக்கூடத்தில் நடைபழகும் இரட்டைக் கம்பிகள். கால் இழந்தவரின் அளவுகள் எல்லாம் கணினியில் இருக்கும். அந்த அளவைப் பார்த்துத்தான் கால் செய்பவர் அச்சு கடைவார். அளவு போனால் கால் இல்லை.

இதை அக்கா எந்நேரமும் நினைத்துக்கொண்டிருப்பார். வாராவாரம் எல்லாக் கோப்புகளையும் ஒரு ஹார்டு டிஸ்க்கில் நகலெடுப்பார். எடுத்த கையோடு வயரைக் கழற்றி, துணிப்பையில் சுற்றி, நிலையத்துக்கு வெளியே ஓர் இரும்புப் பெட்டகத்தில் கொண்டுபோய் வைப்பார். டிஸ்க்குகள் இரண்டு, ஒன்று மாற்றி ஒன்று. அவ்வப்போது ஒரு பழைய மடிக்கணினியில் மாட்டி, கோப்புகள் உண்மையிலேயே திறக்கின்றனவா என்றும் பார்ப்பார். "அந்த டிஸ்க்குக்குச் சாப்பாடும் கட்டிக் குடுக்கிறீங்களாக்கா?" என்று கால் செய்பவர் கிண்டலடிப்பார். "திறந்து பாக்காத பேக்கப்ப நம்பி நான் தூங்க மாட்டேன்பா," என்பார் அக்கா.

ஒரு திங்கட்கிழமை காலை. கணக்காளர்தான் முதலில் கூவினார். அவர் கணினித் திரை முழுதும் சிவப்பு. ஒரு கோப்பும் திறக்கவில்லை. பெயர்கள்கூட வாயில் நுழையாதவையாக மாறியிருந்தன. பணம் கட்டினால்தான் திறப்போம் என்று ஒரு மிரட்டல் வாசகம். ரான்சம்வேர் என்று செய்தியில் மட்டும் கேட்டிருந்தது, எங்கள் முன்னறையிலேயே வந்து உட்கார்ந்திருந்தது.

அக்கா பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. "யாரும் எதையும் அணைக்காதீங்க. நெட் வயரை மட்டும் பிடுங்குங்க. எல்லாத்துலயும்!" என்று மேசை மேசையாக ஓடினார்.

கூடத்தில் ஒரு தகப்பனார் தம் சிறு மகளுடன் காத்திருந்தார். வளர்ந்துவிட்ட அவளுக்குப் பழைய கால் கடித்துப் புண்ணாகியிருந்தது. புதிய காலுக்கு அளவு கொடுத்தாகிவிட்டது. "திரும்ப அளவெடுக்கணுமாம்மா? இன்னொரு லீவு கேட்டா என்னை வீட்டுக்கு அனுப்பிடுவாங்க," என்றார் அவர். அந்த முகந்தான் அன்று முழுதும் தம்மை ஓடவைத்தது என்று பின்னாளில் அக்கா எங்களிடம் சொன்னார்.

சிறிது நேரத்தில் ஒருவரை ஒருவர் ஓரக்கண்ணால் பார்க்கத் தொடங்கினோம். எவர் எதைத் திறந்தார்? சண்டை போட்டுக்கொண்டு நின்றுபோன ஓட்டுநரின் வேலையா? அந்நேரம் பொருளாளர் வாய்விட்டே சொன்னார்: "எல்லாரும் திகைச்சு நிக்கிறோம். இந்தம்மா மட்டும் தயாரா இருக்காங்க. இது எப்படி?"

அக்காவின் முகம் சிவந்தது. ஆயினும் தம் நாற்காலியைத் தள்ளிப்போட்டுவிட்டு, "கேக்க வேண்டிய கேள்விதான் சார். முதல்ல என் கம்ப்யூட்டரையே பாக்கச் சொல்லுங்க. அதுவரைக்கும் நான் அதைத் தொட மாட்டேன்," என்றார்.

அப்போது தொலைபேசி அடித்தது. நிலையத்து இயக்குநர் அதை எல்லோரும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்தார். தேனொழுகப் பேசினான் ஒருவன். பூட்டிய கோப்புகளை மீட்பதே தங்கள் நிறுவனத்தின் தொழிலாம். அந்தக் கும்பலிடம் பேசிப் பாதிப் பணத்தில் முடித்துத் தருவார்களாம். இயக்குநருக்கு உயிர் வந்தது, பேனாவைக்கூட எடுத்துவிட்டார்.

அக்காவுக்கோ உள்ளே ஏதோ உறுத்தியது. நாங்கள் இன்னும் வெளியே ஒருவருக்கும் சொல்லவில்லையே!

"எங்களுக்கு இப்படி ஆயிடுச்சுன்னு உங்களுக்கு யாரு சொன்னா?" என்று கேட்டார்.

"உங்க ஆபீஸ்லேர்ந்துதாங்க கூப்பிட்டாங்க. உங்க கணக்காளர்."

அத்தனை கண்களும் கணக்காளர் பக்கம் திரும்பின. அவர் சுவரோடு ஒட்டிக்கொண்டு, "சத்தியமா நான் இல்லக்கா," என்று உதட்டை மட்டும் அசைத்தார். அக்கா அவரையே ஒரு கணம் உற்றுப் பார்த்தார். அந்தப் பார்வையிலும் சந்தேகம் இருந்தது, மறைக்க மாட்டோம். பிறகு தொலைபேசிப் பக்கம் குனிந்தார்.

"அப்படியா? என்ன சொன்னாரு அவரு?"

"பாவம், ரொம்பப் பதறிட்டாருங்க அந்த சார்."

எங்கள் கணக்காளர் இரண்டு குழந்தைகளுக்குத் தாய். "அந்த சாரையே மறுபடி கூப்பிடச் சொல்றேன்," என்று சொல்லி அக்கா இணைப்பைத் துண்டித்தார். கணக்காளர் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டார். இயக்குநர் பேனாவை மூடினார். பூட்டியவனேதான் சாவி விற்கவும் வந்தானோ, அவனுடைய கூட்டாளியோ, இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

காவல்துறையில் புகார் கொடுத்தோம். கல்லூரியில் கணினி கற்பிக்கும் ஒருவர் உதவ முன்வந்தார். அக்கா முதலில் அந்தக் கல்லூரிக்கே தொலைபேசி செய்து, அப்படி ஒருவர் இருக்கிறாரா, எப்படி இருப்பார் என்று விசாரித்த பிறகே கதவைத் திறந்தார்.

"டிஸ்க்கை மாட்டிடலாமே!" என்று துடித்தார் இயக்குநர். "திருடன் வீட்டுக்குள்ளயே இருந்தா நகையைத் திரும்ப பீரோவுல வைப்பீங்களா சார்?" என்றார் அக்கா. ஆசிரியர் தனிக் கணினியில் இரண்டு டிஸ்க்குகளையும் சோதித்தார். புதிய நகலுக்குள்ளும் அந்தக் கள்ள நிரல் பதுங்கியிருந்தது! கணினிகளைப் பழுதுபார்க்கும் ஒப்பந்தக்காரர், தம் வீட்டிலிருந்தே வேலை பார்க்கத் திறந்து வைத்த வழியை அடைக்காமல் விட்டிருந்தார். அதன் வழியே அண்மையில்தான் நுழைந்திருக்கிறது. நாங்கள் சந்தேகித்த ஓட்டுநருக்கு இதில் எள்ளளவும் பங்கில்லை. முந்தைய டிஸ்க் சுத்தமாக இருந்தது.

கணினிகளைத் துடைத்து, கடவுச்சொற்களை மாற்றி, அந்த நகலிலிருந்து ஒவ்வொன்றாக மீட்டோம். சிறுமியின் கோப்பும் திறந்தது. புதுக் கால் பொருத்த அவள் வந்த நாளில் கால் செய்பவர் அளவுநாடாவால் சரிபார்த்து, "மில்லிமீட்டர் மாறலக்கா!" என்றார். எல்லாம் கிடைத்தது என்று சொன்னால் அது பொய். கடைசியாக வந்தவர்களின் அளவுகள் போயின. அவர்களை அக்காவே அழைத்து மன்னிப்புக் கேட்டு மறுபடி வரவழைத்தார். போக்குவரத்துக்கு நிலையத்து வண்டியை அனுப்பினார்.

பொருளாளர் வருந்தி வந்து நின்றார். "அடுத்த தடவையும் என்னைச் சந்தேகப்படுங்க சார். சோதிச்சுப் பாத்துட்டு அப்புறமாத் திட்டுங்க, அவ்வளவுதான்," என்றார் அக்கா. சிறுமி புதுக் காலுடன் இரட்டைக் கம்பிகளை விட்டுக் கூடத்தைக் கடந்தபோது மட்டும், அக்காவின் கண்கள் எதையும் சோதிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தன.

இன்று காலை நடந்ததையும் சொல்லியாக வேண்டும். மாலைகள் வந்து இறங்கிக்கொண்டிருக்க, அக்கா தம் பொறுப்பை ஏற்றுள்ள கணக்காளரிடம், "கம்ப்யூட்டர்லேர்ந்து என் பேரை எடுத்துட்டியா?" என்றார். "விழா முடியட்டுமேக்கா," என்று கணக்காளர் தயங்கினார். "போறவ கையில சாவி இருக்கக் கூடாது. இப்பவே எடு."

எடுத்தார். அக்கா நம்பவில்லை. தாமே நாற்காலியில் அமர்ந்து, தம் பெயரையும் கடவுச்சொல்லையும் நிதானமாகத் தட்டினார். 'அனுமதி இல்லை' என்றது திரை. இன்னொரு முறை தட்டினார். மறுபடியும் மறுத்தது. அக்காவின் முகம் மலர்ந்தது. கண் மட்டும் கலங்கியது. கணக்காளரின் தோளைத் தட்டி, "இனி நான் நிம்மதியாப் போவேன்," என்று எழுந்தார்.

அக்கா! கணினி மறுக்கட்டும், எங்கள் கதவு உங்களுக்கு என்றும் மறுக்காது. உடல் நலமும் உள்ள நிறைவும் ஒருங்கே பெற்று, உறவு சூழ, பல்லாண்டு வாழ்க! இந்த வாழ்த்தில் உள்குத்து ஏதுமில்லை. வேண்டுமானால் சோதித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

என்றும் உங்கள் அன்பில்,
செயற்கைக் கால் நிலையத்துப் பணியாளர்கள்