மாப்பிள்ளை பேண்ட்டில் ஒரு கரும்புள்ளி

...வீடியோ ஆடுது ஆடுதுன்னா நான் என்னங்ணா பண்றது? ரெண்டு நாளா இந்த நாப்பது செகண்டோடதான் மல்லுக்கட்டிக்கிட்டு இருக்கறனுங்க. உக்காருங்க சில்வஸ்டர்ண்ணா. அந்த ஸ்டூல் வேண்டாம், அதுவும் ஆடும்.

கெஸியா பாப்பா சாயங்காலம் ஏர்போர்ட் கெளம்புதுன்னு தெரியுமுங்க. கல்யாணத்துல நீங்களும் பாப்பாவும் சேந்து சிரிக்கற ஷாட் இது ஒண்ணுதான்னும் தெரியும். பொண்ணப் பெத்தவரு பந்தி, பாத்தரம்னு ஓடிக்கிட்டே இருந்தா கேமராவுல எப்டிங்க வுழுவீங்க? செரி, அத வுடுங்க.

இந்த ஆட்டத்த நிறுத்தோணும்னா, படத்துல அசையாத புள்ளி ஒண்ணக் கம்ப்யூட்டருக்குக் காட்டோணும். அது அந்தப் புள்ளியவே தொரத்தி, படத்த இழுத்து இழுத்து ஒரே எடத்துல நிறுத்தும். ஆனா நம்மூர்ல அசையாதது எதுங்க? சில்வர் ஓக் மரத்தப் புடிச்சேன், காத்துல ஆடுது. ஃபேக்டரி சிம்னியப் புடிச்சேன், மிஸ்ட்டு வந்து மூடிருச்சு. கடைசீல மாப்ள வெள்ளப் பேண்ட்டுல, முட்டிக்கிட்ட கருப்பா ஒரு புள்ளி. அப்பாடான்னு அதக் காட்டிட்டு டீ குடிக்கப் போனேன். வந்து பாத்தா... பொண்ணு மாப்ள ரெண்டு பேரும் மெல்லமாக் கீழ எறங்கிக்கிட்டே இருக்காங்க! என்னன்னு பாத்தா, அட்டப் பூச்சிங்க! அது பாட்டுக்குத் தொடைக்கு ஏறுது. அது மட்டும் ஜம்முன்னு நடுவுல நிக்குது, கல்யாணமே நவுருது!

அப்பறம் பாப்பா தலப் பூவக் காட்டுனேன். நின்னுருச்சுங்க! என்ன... இழுத்த இழுப்புல ஓரமெல்லாம் கருப்பாத் தெரிஞ்சுது. அத மறைக்கப் படத்தப் பெருசு பண்ணுனேன். பண்ணுனா ஓரத்துல நிக்கறவங்க வெளிய போயிருவாங்க. ஓரத்துல... நீங்கதானுங்ணா நின்னீங்க. தோளு கொஞ்சம் தெரியுது பாருங்க. நல்ல தோளுங்க.

எதுக்கு மொறைக்கறீங்க? கேமரா புடிச்சவன் எவன்னா கேக்கறீங்க? ...நாந்தானுங்க. ஸ்டாண்ட ஊட்லயே வுட்டுட்டு வந்தது நாந்தான். மழையோட தேயிலைக்குள்ள எறங்குனாத்தான் எடுப்பா இருக்கும்னதும் நாந்தான். 'கால்ல உப்பு தேச்சுக்கோ தம்பி'ன்னு நீங்க நீட்டுனீங்க. 'ஷூ போட்டிருக்கறனுங்க'ன்னேன். ஷூவுக்குள்ள மூணு அட்டைங்ணா! ஒத்தக் கால்ல நின்னு எடுத்தா ஆடாதுங்களா?

அட, அந்தப் பென் டிரைவ எதுக்கு எடுக்கறீங்க? அதுல இருக்கறது ஆடற வீடியோங்க! என்னது... ஆடுனாலும் அப்பன் மூஞ்சி இருந்தாப் போதுங்களா?

...செரிங்ணா. எடுத்துட்டுப் போங்க. எனக்கே ஒரு மாதிரி ஆயிருச்சு.

அண்ணோவ்! ஏர்போர்ட் போற வழில நாடுகாணி மல எறக்கத்துல வண்டி குலுங்கறப்பப் பாப்பாவ இதப் பாக்கச் சொல்லுங்க! ஆட்டத்துக்கு ஆட்டம் செரியாப் போயிரும்!