முப்பத்தொரு படிவங்கள்

என் வகுப்பில் எதையும் பென்சிலால்தான் எழுதச் சொல்வேன். பிள்ளைகள் தப்புச் செய்வார்கள். திருத்த வழி வேண்டுமல்லவா, ஐயா?

ஆய்வகத்தில் தீப்பிடித்து மூன்று வாரம் கழித்து ஒரு மனநல ஆலோசகர் வந்தார். சின்னப் பெண். இரண்டு தோழிகளைப் பறிகொடுத்த முப்பத்தொரு மாணவிகளுக்கும் ஆளுக்கொரு படிவம். தூக்கம் கெடுகிறதா, தீ கண்முன் வருகிறதா, செத்துவிடலாம் என்று தோன்றுகிறதா. பூஜ்யம் என்றால் இல்லவே இல்லை, மூன்று என்றால் எப்போதும்; இடையில் ஓர் எண் போட்டாலும் சரி.

"சாயங்காலம் வந்து வாங்கிக்கிறேன் டீச்சர்" என்று என்னிடமே விட்டுப் போனார். இருபத்திரண்டு வருடம் பாடம் நடத்தியவளுக்கு, என் பிள்ளைகளைப் பற்றி ஒரு காகிதம் சொல்லித்தரப் போகிறதாம்.

மதிய இடைவேளையில் எல்லாவற்றையும் படித்தேன். என் மகளும் அதே வகுப்பு. எல்லாக் கேள்விக்கும் மூன்று. அடியில், 'லேப் பின்கதவைப் பூட்டினது எங்கம்மா.'

பூட்டினேன்தான். செய்முறை வகுப்பின் நடுவே நழுவி ஓடுகிற கழுதைகளை வேறெப்படி உட்கார வைப்பது? அவர்கள் ஒழுங்காக இருந்திருந்தால் எனக்கு அந்த வேலையே இல்லை.

அவள் தாளை மட்டும் திருத்தினால் உறுத்தும். அதனால் முப்பத்தொன்றையும் திருத்தினேன். எல்லாம் பூஜ்யம்; நம்பும்படியாக அங்கங்கே ஒன்று.

"பரவாயில்லையே டீச்சர், உங்க பொண்ணுங்க ரொம்ப தைரியசாலிங்க" என்றார் ஆலோசகர். பிறகு வரவில்லை.

அடுத்த மாதம் கடைசி பெஞ்சுப் பெண் உயிரை மாய்த்துக்கொண்டாள். இந்த விசாரணையில் நீங்கள் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த தாள் அவளுடையதுதான். செத்துவிடலாம் என்ற கேள்விக்கு மூன்றைப் பலமுறை அழுத்தி எழுதியிருந்தாள். அழிக்கச் சற்று நேரமானது.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே அவ, டீச்சர்" என்று அவள் அம்மா என் கையைப் பிடித்து அழுதபோது எனக்குக் கோபம்தான் வந்தது. பெற்றவளுக்குத் தெரிய வேண்டாமா?

வீட்டில் என் மகள் கேட்டாள்.

"அம்மா, நான் எழுதினத அவங்க படிச்சாங்களா?"

"படிச்சாங்கடி. உனக்கு ஒண்ணுமில்லன்னுட்டாங்க."

"கதவப் பத்தி?"

"கதவு திறந்துதான் இருந்துச்சு கண்ணு. புகையில உனக்குப் புத்தி பேதலிச்சுடுச்சு."

எத்தனை தடவை கேட்டாலும், எரிச்சலை அடக்கிக்கொண்டு அதையேதான் சொன்னேன்.

இப்போது அவள் கேட்பதில்லை. தூக்கத்தில் அலறுவதில்லை. பதினொரு நாளாக யாரிடமும் பேசுவதுமில்லை. நீங்கள் அவளை விசாரிக்க வேண்டாம், ஐயா.

என் மகள் தேறிவிட்டாள்.