கேமரா பக்கத்தில் எரிந்த விளக்கு

கொல்கத்தா லேக் மார்க்கெட்டில் வாழைப்பூ வாங்கிக்கொண்டு கரியாஹாட் போகும் ஷேர் ஆட்டோவில் ஏறினேன். பக்கத்தில் இரண்டு பெண்கள். எனக்குத் தமிழ் தெரியாது என்று நினைத்துச் சத்தமாகவே பேசினார்கள்.

"என் லேப்டாப்பை நானே வேவு பார்த்தேன்டி."

"என்னடி உளர்றே?"

"நேத்து வேற கம்பெனி இன்டர்வியூவுக்குத் தனியா பதில் சொல்லிப் பார்த்துட்டிருந்தேன். பார்த்தா கேமரா லைட் எரியுது! ஆபீஸ்ல என்னைக் கவனிக்கறாங்களோன்னு பயம் வந்துடுச்சு. எந்த புரோகிராம் கேமராவையும் மைக்கையும் எடுக்குதுன்னு காட்டற சாஃப்ட்வேர் ஒண்ணை ஓடவிட்டேன்."

"ஆபீஸ் லேப்டாப் ஆச்சே! அட்மின் பாஸ்வேர்டு கேட்கலையா?"

"இன்ஸ்டாலே பண்ண வேண்டாம். திறந்தாலே ஓடும்."

"சரி, யாரு வேவு பார்த்தது?"

"யாருமில்ல. காலைல நடந்த டீம் மீட்டிங்கை விட்டு நான் வெளியே வரவே இல்லடி! பின்னாடி அது பாட்டுக்கு ஓடிட்டிருந்துது."

"ஐயையோ! யாராவது இருந்தாங்களா?"

"எங்க மேனேஜர் சுபீர் மட்டும் இருந்தார். நான் மூடப் போறதுக்குள்ள, 'ரெண்டாவது பதிலைக் கொஞ்சம் சுருக்கிக்கோ'ன்னார்."

தோழி சிரித்த சிரிப்பில் ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார். நான் உதட்டைக் கடித்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தேன்.

"கோபப்பட்டாரா?"

"கோபமா? அந்தக் கம்பெனில இன்னொரு இடம் காலியா இருக்கான்னு மெதுவா கேட்டார்டி."