பன்னண்டு மணிக்கு மேல ஓடுன நம்பர்

உங்க நாயி சீசரு இப்பல்லாம் என்னப் பாத்தா கொலைக்கிறதே இல்ல, கவனிச்சீங்களாக்கா? முன்னல்லாம் நான் தெருமுனை திரும்பும்போதே கத்தித் தீத்துரும். இப்ப பாருங்க, வந்து கால்ல படுத்துக்கிச்சி. அதுக்கும் ஒரு காரணம் இருக்கு. சொல்றேன். லைட்டு போடாதீங்க. கதவ மட்டும் சாத்திக்கிறேன்.

காலையில நம்பர் போர்டு கடைக்கு வந்து கேட்டீங்கல்ல. "கோபி, யாரோ எங்கப்பா நம்பர மாட்டிக்கிட்டு ஓட்டியிருக்கான்டா. அப்பா சத்தியம் பண்றாரு. அவரு போர்ட எழுதுனவன் நீதான, வக்கீல்கிட்ட வந்து ஒரு வார்த்த சொல்லு"ன்னு. கடை மொதலாளி பாவாடை அண்ணன் பாத்துட்டு இருந்தாரு, நானும் தலையாட்டினேன். அதுக்கப்புறம் ஒரு போர்டு எழுத முடியல. பிரஷ்ஷ கழுவி வச்சிட்டேன். பயம்தான், இல்லன்னு சொல்லல. ஆனா தப்பு பண்ணவனோட பயம் இல்லக்கா அது. நான் தப்பு பண்ணல. கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க.

எங்கப்பா ஓட்டுற ஷேர் டெம்போவுக்கு ரோடு டாக்ஸ் கட்டி ரொம்ப நாளாச்சி. ஊருக்கே தெரியும். போன வருசம் பிரேக் இன்ஸ்பெக்டர் புடிச்சிக்கிட்டுப் போயி யார்டுல போட்டாரு. கெஞ்சிக் கூத்தாடி எடுத்துட்டு வரும்போது பேட்டரி இல்ல, சீட்டுக்குள்ள பூன குட்டி போட்டிருந்திச்சி. அந்த மழ பூரா எங்கம்மா தேங்காய்த்திட்டு ஹார்பர்ல மீன் கூடை தூக்குனாங்க. அடுத்த தடவ புடிச்சா வண்டி அங்கயே மக்க வேண்டியதுதான்னு அப்பா சொன்னாரு.

அதே கடையில உக்காந்துதான் நான் மெட்ராஸ் காருங்களுக்கும் போர்டு எழுதுறேன். எவ்ளோ பெரிய பெரிய காரு. எல்லாத்துக்கும் நம்ம பாண்டி நம்பர். இங்க டாக்ஸ் கம்மியாம், அதனால ஏதோ லாட்ஜ் அட்ரஸ குடுத்து வாங்கிக்கிறாங்க. அந்த ஆளுங்க நம்ம ஊர்ல ஒரு ராத்திரி தூங்கியிருக்க மாட்டாங்க. ஏசியில உக்காந்துக்கிட்டே "தம்பி, சீக்கிரம்"பாங்க. அவங்கள எவனும் யார்டுல போடல. அரியாங்குப்பத்துலயே பொறந்து அரியாங்குப்பத்துலயே ஓட்டுற எங்கப்பா பக்கிரி வண்டியதான் போடுவாங்க. அவங்க பொய் அட்ரஸ் வச்சிக்கலாம்னா, நாங்க ஒரு நம்பர் வச்சிக்கக் கூடாதா?

உங்கப்பா நம்பர எடுத்தது ஏன்னா, அவர யாரும் நிறுத்த மாட்டாங்க. டாக்ஸ் கட்டுற நாளுக்கு மொத ஆளா போயி நிப்பாரு. பாலத்தாண்ட செக்கிங் நடந்தா மத்த டெம்போல்லாம் சந்துல பூந்து ஓடும், உங்கப்பா பிரான்சுவா வண்டி மட்டும் சினிமாவுல ராஜா வர மாதிரி நடுரோட்ல வரும். அவர ஸ்டாண்டுல எல்லாரும் "வெள்ளக்காரன் பேரன்"னு கிண்டல் பண்ணுவாங்க. எனக்கு அவருமேல மரியாததான்கா. மரியாத இல்லன்னா அவரு நம்பர எடுப்பனா?

அப்புறம் அந்தத் தூக்கம். மணி பன்னண்டு அடிச்சா வண்டிய வீட்டாண்ட போட்டுட்டு சாப்ட்டு படுத்துருவாரு. நாலு மணி வரைக்கும் கவர்னரே வந்து கூப்ட்டாலும் எந்திரிக்க மாட்டாரு. அதனால அந்த நேரத்துக்கு மட்டும் எங்க வண்டியில அவரு நம்பர். ரெண்டு வண்டியும் ரோட்ல ஒண்ணா இருக்கவே இருக்காது. எவ்ளோ யோசிச்சி பண்ணியிருக்கேன் பாருங்க. அப்பா மொத நாள் போர்ட பாத்தாரு. "எழுத்து நல்லா இருக்குடா"ன்னாரு. அவ்ளோதான். டீய குடிச்சிட்டு வண்டிய எடுத்தாரு.

அந்த வெள்ளிக்கெழம அப்பாவுக்கு சிக்குன்குனியா. முட்டி மடக்க முடியாம படுத்திருந்தாரு. மதியம் ஸ்கூல் பரீட்ச விடுற நேரம், ஆளுங்க நிப்பாங்க. அதனால நான் எடுத்தேன். லைசென்ஸ் இல்ல. பதினேழு வயசுக்கு எவன் குடுப்பான்? ஆனா நான் நல்லா ஓட்டுவேன். சவாரிய டவுன்ல எறக்கிட்டு காலியா திரும்பி வந்தேன்.

மதியத்துல செக்கிங் போடவே மாட்டாங்க. அவங்களும் சாப்புடணும்ல. அன்னிக்கு என்னமோ போட்டிருந்தாங்க. பாலத்த தாண்டின ஒடனே இராமதாஸ் சார் நின்னுட்டு இருந்தாரு, எங்க வண்டிய புடிச்ச அதே பிரேக் இன்ஸ்பெக்டரு. மரத்தடியில நின்னவரு போர்ட பாத்தாரு. நேரா ரோட்டுக்கு வந்தாரு. கைய ஒசத்தினாரு. சிரிச்சாரு.

அந்த சிரிப்ப நான் அப்பா வண்டிய புடிச்ச அன்னிக்கு பாத்திருக்கேன்கா. அதே சிரிப்புன்னு நெனச்சேன். எனக்கு யார்டு தெரிஞ்சிது, மீன் கூடை தெரிஞ்சிது. வெயில் கண்ணாடியில அடிச்சதுல அவருக்கு என் மூஞ்சி தெரியல. நான் பிரேக்க மிதிச்சிருக்கலாம். மிதிக்கல. எடது பக்கமா ஒரு சத்தம் கேட்டிச்சி, தேங்கா மூட்ட விழுந்த மாதிரி. நான் திரும்பிப் பாக்கல. ஓட்டுறவன் திரும்பிப் பாக்கக் கூடாது.

அவரு நிறுத்தச் சொல்லலன்னு எனக்கு எப்படித் தெரியும்? நீங்கதான் அப்புறமா ஸ்டேசன் வாசல்ல அழுதுக்கிட்டே பக்கத்து வீட்டு வீராயிக்காகிட்ட சொன்னீங்க. இராமதாஸ் சாரும் உங்கப்பாவும் எப்பவும் அப்டித்தான், அவரு ரோட்டுக்கு வந்து கைய தூக்கி பிரெஞ்சுக்காரங்க மாதிரி "போன்ஜூர் முசியே, இன்னும் தூங்கலியா?"ம்பாரு, உங்கப்பா சல்யூட் அடிப்பாருன்னு. பக்கத்துல நான் உங்களுக்கு சோடா வாங்கிட்டு வந்து நின்னேன், ஞாபகம் இருக்கா? தூங்குற நேரத்துல வண்டி வருதேன்னு அதிசயமாகி வம்பிழுக்க வந்திருக்காரு மனுசன். அதுக்கு அவருதான் பொறுப்பு. கவர்மெண்டு ஆளு நடுரோட்ல வெளையாடலாமா?

ரெண்டு நாள் பெரியாஸ்பத்திரியில இருந்து செத்தாரு. நான் மாலை போட்டேன்.

இப்ப சீசர் கதைக்கு வரேன். வண்டிய கொல்லையில விட்டு கழுவுனேன். பழைய நம்பர மாட்டினேன். மத்த போர்ட தேங்காய்த்திட்டு மொகத்துவாரத்துல போட்டேன், அப்படியே முழுகிருச்சி. அப்பதான் ஒண்ணு தோணிச்சி. நம்பர பாத்தவங்க சொல்லுவாங்க, போலீசு உங்க வீட்டுக்கு வரும், உங்கப்பா வண்டியில ஒரு கீறல்கூட இருக்காது. அப்ப என்ன பண்ணுவாங்க? இன்னொரு வண்டிய தேடுவாங்க.

இடிச்ச அன்னிக்கு மாசத்தோட மொத வெள்ளி. சாயங்காலப் பூசைக்கு உங்கப்பா வண்டிய மாதா கோயில் மதிலோரம் விட்டுட்டு உள்ள போயிருந்தாரு. நீங்களும் உள்ளதான் பாடிட்டு இருந்தீங்க, உங்க கொரலு தனியா கேட்டிச்சி. சீசரு வண்டிக்கடியில படுத்திருந்திச்சி. ஒரு பன்னு போட்டேன். கல்ல சாக்குல சுத்திக்கிட்டேன், சத்தம் வரக் கூடாதுல்ல. எங்க வண்டியில குழி எங்க இருந்திச்சோ அதே எடத்துல, எடது பக்கம், லைட்டுக்கு ஒரு சாண் கீழ. போர்டு எழுதுறவன் கண்ணு, அளவு தப்பாது. எல்லாரும் பாட்டு எடுக்கும்போது ஒரு அடி, நிறுத்தும்போது நானும் நிறுத்திருவேன். லைட்ட கடைசியா ஒடச்சேன். நாயி பன்ன தின்னுட்டு என் கைய நக்குச்சி.

எந்திரிக்காதீங்கக்கா. உக்காருங்க. யார்கிட்ட போயி சொல்லுவீங்க? போர்டு தண்ணியில. எங்கப்பா வண்டிக்குப் புது தகரம் அடிச்சாச்சி. நீங்க அவரு பொண்ணு, அப்பாவுக்காக என்ன வேணா சொல்லுவீங்கன்னுதான் நெனப்பாங்க. உங்கப்பாவுக்கு அங்க காலாப்பட்டு ஜெயில்ல ஒண்ணும் கொறச்சல் இல்ல. கடல் காத்து வரும், மதியம் தூங்க விடுவாங்க. எங்கம்மாவால இன்னொரு தடவ மீன் கூடை தூக்க முடியாது, இடுப்பு போயிடிச்சி. நீங்க வேலைக்குப் போறீங்க, சமாளிச்சிருவீங்க. யாராச்சும் ஒருத்தர் கஷ்டப்படணும்னா, தாங்குறவங்கதான் படணும். அது நியாயந்தான?

நாளைக்கு வக்கீல்கிட்ட நான் வருவேன். சொன்ன சொல்ல மாத்த மாட்டேன். உங்கப்பா வண்டி போர்ட எழுதுனது நான்தான், என் எழுத்த இந்தப் பாண்டியில எவனாலயும் காப்பி அடிக்க முடியாதுன்னு சொல்லுவேன். அதுல ஒரு வார்த்தகூட பொய் இல்ல.

அழாதீங்கக்கா. உங்கள நான் அப்படியே விட்டுற மாட்டேன். ஸ்டேசன்ல நிக்கிற உங்கப்பா வண்டிக்கு அடுத்த மாசம் டாக்ஸ் முடியுது. நிக்கிற வண்டிக்கும் கட்டணும்னு அவருதான் எல்லாருக்கும் சொல்லுவாரு. அவரு பேருக்கு ஒரு கெட்ட பேரு வரக் கூடாது. அத நான் கட்டிர்றேன்.