செடிகளுக்குக் கொடுத்த அறை

நம் ஊர் வெயிலுக்குப் பிளாக்பெர்ரி வராது என்று சொல்கிறவர்கள் யாரும் வைத்துப் பார்த்தவர்கள் இல்லை. நான் வைத்தேன். வந்தது. காரைக்குடி செக்காலையில், ஒரு படுக்கையறைக்குள், மூன்று பைகளில் மூன்று செடிகள். இடுப்பு உயரம்கூட வராத குட்டை இனம், தண்டில் ஒரு முள் கிடையாது. உங்களோடு வீட்டுக்கு வந்த ஏட்டு இது என்ன பழம் என்று கேட்டார். ஒன்றைப் பறித்துக் கொடுத்தேன். நன்றாக இருக்கிறது என்றார்.

எல்லாவற்றையும் என் கையாலேயே எழுதித் தரச் சொன்னீர்கள் மேடம். எழுதுகிறேன். என் பெயர் முத்துக்கருப்பன், வயது அறுபத்து நான்கு. முப்பத்தொரு வருஷம் ஒரு நூற்பாலையில் குளிரூட்டும் பிரிவைப் பார்த்துக்கொண்டேன். பஞ்சு நூலாகிற இடத்தில் சூடும் ஈரமும் ஒரு அளவில் நிற்க வேண்டும். அளவு தப்பினால் நூல் அறுந்துகொண்டே இருக்கும். அந்த அளவைப் பிடித்து நிறுத்துவதுதான் என் வேலை. ஆகவே ஒரு அறை எத்தனை டிகிரியில் இருக்கிறது என்பதைச் சுவரைத் தொட்டே சொல்லிவிடுவேன். இதை நானாகவே முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்கள் கண்டுபிடித்ததாக இருக்க வேண்டாம்.

செடி வாங்கியது போன வருஷம் ஆனி மாதம், கொடைக்கானல் பக்கம் ஒரு நர்சரியில். என் மனைவி உமையாளும் கூட வந்திருந்தாள். அப்போது நன்றாக இருந்தாள். "கருவேல முள்ளுலயே பொழங்குற ஊருக்கு முள்ளில்லாத செடி வாங்கிட்டுப் போறீகளாக்கும்" என்று சிரித்தாள். திரும்பி வரும்போது மூன்று பைகளையும் காரில் தன் காலடியில் வைத்து, வளைவுக்கு வளைவு சாயாமல் பிடித்துக்கொண்டு வந்தாள். அதனால் அவை அவளுக்கும் சேர்த்து வாங்கிய செடிகள்தான். மகள் சிவரஞ்சனி உங்களிடம் வேறு மாதிரி சொல்லியிருப்பாள்.

ஆடிக் கடைசியில் உமையாளுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் வலது காலும் போயின. பேச்சும் போயிற்று, ஒரே ஒரு சொல்லைத் தவிர. "போதும்." அது மட்டும் எப்படியோ தங்கிவிட்டது. பசிக்கிறதா என்றால் போதும். தூக்கம் வருகிறதா என்றால் போதும். சிவரஞ்சனி கோயம்புத்தூரிலிருந்து வீடியோவில் வந்து, "ஆத்தா, நான் யாருன்னு தெரியுதா?" என்று அழுதாள். அதற்கும் போதும்தான். பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண் எனக்குப் பொறுமையாக விளக்கினாள். "சொல்லுக்கு அர்த்தம் பாக்காதீங்க சார், அவங்க வாயில வர்றது அது ஒண்ணுதான். முகத்தைப் பாருங்க" என்றாள். எனக்கு விளங்கியது. விளங்கவில்லை என்று நான் சொல்லப்போவதில்லை.

ஆனால் அந்தச் சொல்லைப் பற்றி நீங்கள் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். நீங்கள் வெளியூர் என்று நினைக்கிறேன். எங்கள் ஆட்கள் பந்தியில் போதும் என்ற சொல்லுக்கு மதிப்பே கிடையாது. விருந்துக்கு வந்தவர் போதும் என்றால் பரிமாறுகிறவர் ஒன்று வைப்பார். போதும் போதும் என்றால் இரண்டு வைப்பார். இலைக்கு மேல் கையைக் குறுக்கே நீட்டி மறைத்தால்தான் நிறுத்துவார்கள். சொன்ன மாத்திரத்தில் நிறுத்திவிட்டால், "போதும்னவுடனே விட்டுட்டாக" என்று ஊருக்குள் பேச்சாகிவிடும். கல்யாணமான புதிதில் தேவகோட்டையில் மாமியார் வீட்டில் கந்தரப்பம் ஏழு தின்றேன். மூன்றாவதிலிருந்தே போதும் என்று சொல்லிக்கொண்டுதான் இருந்தேன்.

உமையாள் அந்த வீட்டுப் பெண். முப்பத்தாறு வருஷம் எனக்குப் பரிமாறினாள். என் போதும் எங்கள் வீட்டில் ஒருநாளும் செல்லுபடியானதில்லை. எனக்குச் சர்க்கரை வந்த பிறகும் பால் பணியாரம் இரண்டு கூடத்தான் விழும். "நீங்க என்னைக்கு வாயத் தொறந்து வேணும்னு கேட்டிருக்கீக" என்பாள். கோபப்பட்டால் சிரிப்பாள். பாசம் என்று தெரியும். இருந்தாலும் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. ஒரு மனுஷன் சொல்வதைச் சொன்னபடி எடுத்துக்கொள்கிற வீடு எங்கேயாவது இருக்காதா என்று பல நாள் நினைத்திருக்கிறேன்.

செடிக்கு வருகிறேன். பிளாக்பெர்ரியில் முதல் வருஷம் தண்டு மட்டும் வரும். அந்தத் தண்டு அடுத்த வருஷம் பூத்துக் காய்க்கும். காய்த்த தண்டு அதோடு சரி, அடியோடு வெட்டிவிட வேண்டும். 'காய்த்து முடிந்ததை வைத்திருக்கக் கூடாது' என்று என் நோட்டில் எழுதியிருப்பதை மகள் உங்களிடம் காட்டியிருக்கிறாள். அது செடியைப் பற்றியது மேடம். நர்சரிக்காரர் சொன்னதை எழுதி வைத்தேன், அவ்வளவுதான்.

காரைக்குடித் தண்ணீருக்குப் பேர் உண்டு, ஆனால் எங்கள் வீட்டு போர்த் தண்ணீர் உப்பு. அதை ஊற்றியதில் இலை ஓரமெல்லாம் கருகிப்போனது. இருபது லிட்டர் கேன் தண்ணீருக்கு மாற்றினேன். மாடியில் பச்சை வலைக்கு அடியில் பங்குனி வரை தாக்குப்பிடித்தன. பங்குனியில் மொட்டு விட்டது. அதே வாரம் வெயில் நாற்பதைத் தொட்டது, மொட்டுகள் காய்ந்து உதிர ஆரம்பித்தன. எங்கள் வீட்டில் ஒரே ஒரு ஏசி. அது உமையாள் படுத்திருந்த அறையில் இருந்தது. மூன்று பைகளையும் அங்கே தூக்கி வந்து ஜன்னலோரம் வைத்து, மேலே செடிகளுக்கான விளக்கு ஒன்றை மாட்டினேன். அறைக்குள் தேனீ வராது என்பதால் பெயின்ட் பிரஷ்ஷால் பூவுக்குப் பூ தடவிவிட்டேன். ஒரு வாரத்தில் இலை நிமிர்ந்தது. எட்டு மாதமாக அந்த வீட்டில் நான் செய்த ஒரு காரியத்துக்குப் பலன் கண்ணில் தெரிந்தது அதுதான் முதல் தடவை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

உமையாளுக்கு நான் ஒன்றும் செய்யவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். புரட்டிப் படுக்கவைப்பது, துடைத்துவிடுவது, மாத்திரை பொடிப்பது, காலைப் பிடித்து மடக்கி நீட்டுவது எல்லாம் செய்தேன். எதிர்வீட்டு மெய்யம்மை ஆச்சி வாசலில் நின்று, "பொண்டாட்டியக் கையில வச்சுத் தாங்குறீக" என்று சொல்லாத நாள் கிடையாது. காலை இன்று மடக்கினால் நாளையும் அதே காலை அதே மாதிரி மடக்க வேண்டும். அதற்கு மேல் அதில் ஒன்றும் நடக்காது.

சித்திரை நடுவில் அவளுக்கு இருமல் கண்டது. பார்க்க வந்த டாக்டர் பைகளைக் கவனித்துவிட்டு, ஈரமண் இருக்கும் அறையில் நோயாளியைப் படுக்கவைக்கக் கூடாது, நெஞ்சுக்கு ஆகாது என்றார். இரண்டில் எது வெளியே போக வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையில்லை என்று நினைத்திருப்பார்.

நான் உமையாளிடமே கேட்டேன். "உமையா, ஏசி இன்னும் வேணுமா?" என்றேன். "போதும்" என்றாள். கையைக் குறுக்கே நீட்டவில்லைதான். அந்தக் கைதான் வராதே. எனக்குக் கிடைத்தது சொல் ஒன்றுதான், அதைச் சொன்னபடியே எடுத்துக்கொண்டேன். அன்று சாயங்காலம் அவளை மேற்குப் பக்கத்து அறைக்கு மாற்றினேன். சாமான் போட்டுவைக்கிற அறை. மத்தியானத்துக்கு மேல் சுவர் முழுக்க வெயில் அடிக்கும். ஒரு மின்விசிறி உண்டு. இன்னொரு ஏசி வாங்கியிருக்கலாமே என்று நேற்றுக் கேட்டீர்கள். வாங்கியிருக்கலாம்.

உமையாளைக் கவனிக்க வந்து எங்கள் வீட்டிலேயே தங்கியிருந்த சின்னத்தாயிக்கு நான் செய்தது பிடிக்கவில்லை. சிங்கம்புணரிப் பக்கத்துப் பெண், மனதில் பட்டதைச் சொல்லிவிடுவாள். "இது மனுசரு படுக்குற ரூமாய்யா? ஆச்சி போதும்னா வேணும்னு அர்த்தம். மூஞ்சியப் பாத்தாத் தெரியலையா ஒங்களுக்கு?" என்றாள். "நீ சொல்றது சரிதான்" என்றேன். வாதம் செய்வது என் பழக்கம் இல்லை. அவள் ஈரத்துணியை ஜன்னலில் கட்டினாள். அரை மணிக்கு ஒரு தடவை ஸ்பூனால் தண்ணீர் கொடுத்தாள். ஒவ்வொரு ஸ்பூனுக்கும் உமையாள் போதும் போதும் என்று சொல்லிக்கொண்டே ஒரு டம்ளரை முடித்துவிடுவாள். "இன்னும் ஒரே வாய் ஆச்சி" என்று சின்னத்தாயி சிரிப்பாள். உமையாளுக்கும் இடது பக்க உதட்டில் சிரிப்பு வரும். வாசற்படியில் நின்று நான் அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அப்படிக் கொஞ்சிக் கொடுக்க எனக்கு வராது.

வைகாசித் திருவிழாவுக்கு ஊருக்குப் போக சின்னத்தாயி ஒரு நாள் லீவு கேட்டாள். "அஞ்சு நாள் இருந்துட்டு வா, நான் பாத்துக்கிறேன்" என்றேன். "ஆச்சிக்குத் தண்ணி குடுக்கணுமேய்யா" என்று இழுத்தாள். "கேட்டுக் கேட்டுக் குடுக்குறேன்" என்றேன். அதில் பொய் இல்லை. கேட்டுக் கேட்டுத்தான் கொடுத்தேன்.

திங்கள்கிழமை காலையில் இட்லியைப் பாலில் பிசைந்து கொண்டுபோனேன். இரண்டு வாய் வாங்கினாள், போதும் என்றாள். எடுத்துவிட்டேன். தண்ணீர் கொடுத்தேன். ஒரு மிடறு, போதும். டம்ளரை மூடி வைத்துவிட்டேன். மத்தியானமும் ராத்திரியும் அதே மாதிரிதான். கெஞ்சல் இல்லை, கொஞ்சல் இல்லை. முப்பத்தாறு வருஷத்தில் எங்கள் வீட்டில் முதல் தடவையாக ஒருவர் போதும் என்றதும் மற்றவர் நிறுத்தினார்.

செவ்வாய்க்கிழமை முதல் பழங்கள் கறுத்தன, ஐந்து. சிவப்பாக இருக்கும்போது பறித்தால் புளிக்கும். நன்றாகக் கறுத்து, மினுமினுப்பு குறைந்து, தொட்டதும் கையோடு வர வேண்டும். பறித்த கையோடு உமையாளிடம் போனேன். உதடு வெடித்திருந்தது. ஒரு பழத்தை வாயில் வைத்ததும் கண்ணை மூடிக்கொண்டு சப்பினாள். வலது பக்கம் சாறு வழிந்தது, துடைத்துவிட்டேன். பிறகு கண்ணைத் திறந்து என் கையில் இருந்த மற்ற நான்கு பழங்களையும் பார்த்தாள். "இன்னொண்ணு வேணுமா?" என்றேன். "போதும்" என்றாள். அவள் முகத்தைப் பார்த்தேன். பார்த்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். மற்ற நான்கையும் நான் தின்றேன்.

புதன்கிழமை அந்த அறை நாற்பத்தோரு டிகிரி. செடிகள் இருந்த அறை இருபத்திரண்டு. சாயங்காலம் சிவரஞ்சனி ஃபோன் செய்தாள். "ஆத்தா சாப்பிட்டாகளா அப்பச்சி?" என்றாள். "போதும் போதும்ங்கிறா" என்றேன். "அவுக அப்படித்தானே சொல்லுவாக, நீங்க விடாம ஊட்டுங்க" என்றாள். "சரித்தா" என்றேன். உமையாளைக் காட்டச் சொன்னாள். தூங்குகிறாள் என்றேன்.

ஏன் என்று கேட்டீர்கள். கோபமா, சொத்தா, வேறு ஏதாவது பழக்கமா என்றெல்லாம் கேட்டீர்கள். அப்படி ஒன்றும் இல்லை. அவள் மேல் எனக்கு வெறுப்பு இருந்ததில்லை. அலுப்பு இருந்தது. வெகுநேரம் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் கால் மரத்துப்போய், கிள்ளினால்கூடத் தெரியாதே, அந்த மாதிரி இருந்தேன். இப்போதும் அப்படித்தான் இருக்கிறேன். எனக்கு அழுகை வரவில்லை என்று மகள் புகாரில் எழுதியிருக்கிறாள். உண்மைதான்.

வெள்ளிக்கிழமை சின்னத்தாயி வந்து இறங்கியபோது உமையாளைக் கூடத்தில் கிடத்தியிருந்தோம். அவள் முதலில் ஆச்சியின் உதட்டைப் பார்த்தாள். நேரே மேற்கு அறைக்குப் போய், மூடியிருந்த டம்ளரை எடுத்துப் பார்த்தாள். நிறைய இருந்தது. பிறகு சிவரஞ்சனியைத் தனியாகக் கூப்பிட்டாள். அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும்.

வியாழக்கிழமை மட்டும் பாக்கி. மத்தியானம் மூன்று மணி இருக்கும். புதுத் தண்ணீர்க் கேன் வாசலில் வந்து இறங்கியது. அதைத் தூக்கிக்கொண்டு நடையில் வந்துகொண்டிருந்தேன். மேற்கு அறையிலிருந்து, "தண்ணி" என்று கேட்டது.

நின்றேன். பத்து மாதத்தில் அது புதுச் சொல். ஒரு புதுச் சொல் வந்துவிட்டால் பின்னாலேயே மற்றதும் வர ஆரம்பிக்கும், எந்நேரமானாலும் எனக்கு ஃபோன் போடுங்கள் சார் என்று அந்தப் பேச்சுப் பயிற்சிப் பெண் சொல்லியிருந்தாள். உமையாள் மறுபடியும் சொன்னாள், இந்தத் தடவை நன்றாகத் தெளிவாக. "தண்ணி." அதில் அர்த்தம் பிரித்துப் பார்க்க ஒன்றும் கிடையாது. முகத்தைப் பார்க்க வேண்டிய அவசியமும் கிடையாது.

படுத்த படுக்கையிலும் இவளுக்குச் செடி ஞாபகம்தான் என்று நினைத்துக்கொண்டேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன் மேடம். "ஊத்திடுறேன் உமையா" என்று பதில் சொல்லிவிட்டு, மேற்கு அறைக் கதவைச் சாத்தினேன். ஏசி அறைக்குள் போய்க் கேனை இறக்கிவைத்தேன். கதவுக்கு அந்தப் பக்கமிருந்து மூன்றாவது தடவையும் கேட்டது. நாலரை மணிக்குப் போய்ப் பார்த்தபோது மூச்சு இல்லை.

ஒன்றையும் விடாமல் எழுதச் சொன்னீர்கள். செடிகளுக்கு அன்று காலையிலேயே ஊற்றியிருந்தேன்.