கண்ணாடிக்குள் லெட்டிஸ்

பாஸ்டல் படத்தின் மேல் மூச்சுகூட விடக் கூடாது, இன்ஸ்பெக்டர் ஐயா. வெறும் வண்ணத்தூள்தானே, ஈரம் பட்டால் போச்சு. அதனால்தான் கண்ணாடி போட்டு வைக்கிறோம்.

நான் லண்டன் சீமாட்டிகளின் முகம் வரைகிறவன். மருவை வரைய மாட்டேன், கோணல் பல்லை வரைய மாட்டேன். சுண்டுவிரலால் லேசாகத் தேய்த்தால் எந்தக் கன்னமும் வழவழப்பாகிவிடும். என் மனைவி லெட்டிஸை வரைந்துதான் பெயர் வாங்கினேன். வருகிறவர்களெல்லாம், "உங்க வீட்டம்மா மாதிரியே என்னையும் வரைஞ்சுடுங்க" என்பார்கள். லெட்டிஸ் தன் கோணல் பல்லைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். "அந்தம்மா மாதிரி இருக்கணும்னு எனக்கும் ஆசைதான்!"

போன இலையுதிர்காலத்தில் வெளியூர் மாளிகை ஒன்றில் வரைந்துகொண்டிருந்தேன். அப்போது அவளுக்குப் பெரியம்மை கண்டு, யாரோ ஆஸ்பத்திரிக்கு வண்டி ஏற்றிவிட்டார்கள். தகவல் வந்ததும் ஓடினேன். ஓடினேன் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். அடையாளம் காட்ட அவள் படத்தையும் எடுத்துப்போனேன்.

நர்ஸ் ஒரு கட்டிலைக் காட்டினாள். "நெனவு வந்ததுலேருந்து உங்க பேரத்தான் சொல்லிக்கிட்டிருக்கா. பாத்துச் சொல்லுங்க சார்."

முகம் முழுக்கக் குழி. கண் இரண்டும் அவிந்திருந்தன. காலடிச் சத்தத்துக்குத் தலையைத் திருப்பினாள்.

"ஆம்ப்ரோஸ், ஜன்னலச் சாத்திட்டு வந்தீங்களா? படத்துல ஈரம் ஏறிடப் போகுது."

நான் படத்தைப் பிரித்து நர்ஸிடம் காட்டினேன். "இதுதாம்மா என் மனைவி. இவங்க யாருன்னு தெரியல."

நர்ஸ் இரண்டு முகத்தையும் மாறிமாறிப் பார்த்தாள். "ஏண்டி, இவ்வளவு அழகான பொம்பளை பேர்லயா நீ ஒட்டிக்கப் பாத்த?"

லெட்டிஸ் தன் கோணல் பல்லைக் கையால் பொத்திக்கொண்டாள். பிறகு, "அவர் சரியாத்தான் சொல்றார், சிஸ்டர். அது நான் இல்ல" என்றாள்.

உடம்பு தேறியதும் அநாதை விடுதிக்கு அனுப்பினார்களாம். அங்கே குளிர் தாங்காமல் செத்துப்போனாள். பெயரில்லாமல் புதைத்தார்கள். அவள் அக்கா டோர்கஸ் விசாரித்து வந்து உங்களிடம் சொன்னது அத்தனையும் உண்மை. குரலைக் கேட்டதுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

அந்த முகத்தை வீட்டில் வைத்துக்கொண்டு எந்தச் சீமாட்டியை வரைய வரச்சொல்வது என்று அப்போது நினைத்தேன். அதுகூடப் பெரிதில்லை. அவள் பக்கத்தில் உட்காரும்போதெல்லாம் என் சுண்டுவிரல் அந்தக் குழிகளைத் தேய்க்கத் துடிக்கும். கண் இல்லாவிட்டாலும் அது அவளுக்குத் தெரிந்துவிடும். அதை என்னால் தாங்க முடியாது ஐயா.

அழாத நாள் இல்லை. ஆனால் மனைவியைக் கைவிட்டேன் என்று மட்டும் எழுதாதீர்கள். லெட்டிஸ் வீட்டில்தான் இருக்கிறாள். வெளியே மழை பிடித்துவிட்டது. யாரையாவது அனுப்பி ஜன்னலைச் சாத்தச் சொல்லுங்கள்.